கொடியும் கயிறும்: கொடியியல் கழகங்களின் கொடி, சின்னம் குறித்து ஓர் ஆய்வு

கொடி சார்பை அறிவிப்பது. வேந்தன், நாடு, படை, கட்சி, கோயில், கப்பல் என எதன்மேல் பறப்பினும், 'இது இன்னாருடையது' என்று முதலில் சொல்வதே அதன் தொழில். ஆய்வோ சார்பின்மையை வேண்டி நிற்பது. ஆகவே கொடிகளை ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் தோன்றி, அக்கழகம் தனக்கென ஒரு கொடியையும் அமைத்துக்கொள்ளும்போது ஒரு முரண் எழுகின்றது. எல்லாக் கொடிகளையும் ஒரே தொலைவில் நின்று நோக்க வேண்டியவர்கள் தாம் எந்தக் கொடியின்கீழ்க் கூடுவது? அக்கொடியில் எதைப் பொறிப்பது? பன்னாட்டுக் கொடியியல் கழகங்களின் கூட்டமைப்பு 1967-இல் தனக்கெனக் கொண்ட கொடி இவ்வினாவிற்கு அளிக்கப்பட்ட விடைகளுள் தலையாயது. அவ்விடை எத்தகையது என்பதையும், அது தொடர்ந்து எந்த அளவிற்குக் காக்கப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் தோற்றம்

கொடிகளைப் பற்றி எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானது. பதினான்காம் நூற்றாண்டின் இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலோ, சின்னங்களையும் மரபுக் கேடயப் பொறிகளையும் குறித்து இலத்தீனில் எழுதிய நூலில், கொடியில் விலங்கின் உருவம் எப்பக்கம் நோக்கி அமைய வேண்டும் என்பதையும் ஆராய்ந்தார். கம்பத்தை நோக்கியே அமைய வேண்டும் என்பது அவர்தம் முடிபு. இல்லையேல் கொடியைத் தாங்கி முன்னேறும்போது விலங்கு பின்வாங்குவது போலத் தோன்றும் என்பது கருத்து. சட்ட அறிஞர் ஒருவர் இவ்வளவு நுணுகிப் பார்த்திருப்பது கொடி என்பது தாளில் வரைந்த படமன்று, இயங்கும் பொருள் என்ற உணர்வு அக்காலத்திலேயே இருந்தமைக்குச் சான்றாகும்.

பின்னைய நூற்றாண்டுகளில் இவ்வறிவை வளர்த்தவை பெரும்பாலும் கடற்படைகளே. கடலில் எதிர்ப்படும் கப்பல் யாருடையது என்பதைத் தொலைவிலிருந்தே அறிய வேண்டிய தேவை கொடி விளக்கப் படங்களையும் நூல்களையும் தோற்றுவித்தது. அமெரிக்கக் கடற்படை 1899-இல் வெளியிட்ட கடல்வழி நாடுகளின் கொடிகள் பற்றிய நூலும், ஜெர்மானியக் கடற்படைத் தலைமையகத்தின் சார்பில் ஓட்ஃப்ரீட் நோய்பெக்கர் தொகுத்து 1939-இல் வெளிவந்த கொடி நூலும் இவ்வகையின. இவற்றின் பயன் அடையாளம் காண்பது. ஏன் அந்நிறம், ஏன் அவ்வுருவம், அதை ஏற்றுவோர் எதைக் கருதி ஏற்றினர் என்னும் வினாக்கள் இவற்றில் பெரிதும் இடம்பெறவில்லை.

அவ்வினாக்களை ஒரு துறையாக்க முனைந்தவர் அமெரிக்கரான விட்னி ஸ்மித் (1940 - 2016). பதின்பருவத்தின் இறுதியிலேயே அவர் இத்துறைக்கு ஒரு பெயரை உருவாக்கினார். அது 1959-இல் அச்சேறியது. 1961-இல் கெர்ஹார்ட் கிரால் என்பவருடன் இணைந்து கொடி ஆய்விற்கென ஓர் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு கொடி ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 1968-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றபோது அவர்தம் ஆய்வுப் பொருளும் கொடிகளின் அரசியல் குறியீடே. அரும்பொருள் சேகரிப்போரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஒன்று பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குள் நுழைந்தது இவ்வாறே. பிரித்தானியாவில் 1971-இல் கொடி நிறுவனத்தைத் தோற்றுவித்த வில்லியம் கிராம்ப்டனும் பின்னர்க் கொடி ஆய்விலேயே முனைவர் பட்டம் பெற்றார் என்பது உடன் நோக்கத்தக்கது.

1965-இல் நெதர்லாந்தின் மௌடர்பெர்க் என்னும் சிற்றூரில் முதல் பன்னாட்டுக் கொடியியல் மாநாடு கூடியது. அதனைக் கூட்டுவதில் முன்னின்றவர் க்ளாஸ் சியெர்க்ஸ்மா. இரண்டாம் மாநாடு 1967-இல் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரை ஒட்டி நடைபெற்றது. 1969-இல் பாஸ்டன் நகரில் கூடிய மூன்றாம் மாநாட்டில் கூட்டமைப்பு முறைப்படி நிறுவப்பெற்றது. சியெர்க்ஸ்மா உருவாக்கிய கொடி முதலில் தோன்றியதோ 1967-இல். அதாவது அமைப்பு முறைப்படி பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே அதன் கொடி பிறந்துவிட்டது. விதிமுறைகளை வகுப்பதற்கு முன் கொடியை வகுத்துக்கொள்ளும் இயல்பை விடுதலை இயக்கங்களிடம் காணலாம். அறிஞர் குழுவிடம் காண்பது அரிது. கொடியறிஞர்களும் கொடியின் ஈர்ப்பிற்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர் என்பதையே இது காட்டுகின்றது.

பெயரும் அதன் பொருளும்

ஸ்மித் உருவாக்கிய பெயர் 'வெக்சிலாலஜி' என்பது. தமிழில் இதனைக் கொடியியல் எனலாம். இதன் முற்பகுதி இலத்தீன். பிற்பகுதி கிரேக்கம். இவ்வகைக் கலப்பைத் தூய்மை நாடுவோர் விரும்புவதில்லை எனினும், சமூகவியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வாறு அமைந்ததே. முற்பகுதியாகிய 'வெக்சில்லம்' உரோமப் படைப்பிரிவுகள் தாங்கிய துணிச் சின்னத்தின் பெயர். வெக்சில்லத்தின் அமைப்பு இன்றைய கொடியினின்று வேறுபட்டது. ஈட்டி போன்ற கோலின் உச்சியில் ஒரு குறுக்குக் கட்டை. அக்கட்டையிலிருந்து சதுரத் துணி ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். அதனைத் தாங்குவதற்கென்றே ஒரு வீரன் இருந்தான். எகிப்தில் கிடைத்த இத்தகைய துணி ஒன்று இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ளது. செந்நிறத் துணியில், உருண்டையின்மேல் நிற்கும் வெற்றித் தெய்வத்தின் உருவம் அதில் தீட்டப்பட்டுள்ளது. உரோமப் பேரரசு பரந்திருந்த நிலப்பரப்பை எண்ணிப் பார்க்கும்போது, எஞ்சிய துணி இவ்வளவே என்பது வியப்பளிப்பது.

துணி மக்கிப் போவது. ஆதலின் பண்டைய கொடிகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் துணியல்லாத சான்றுகளிலிருந்தே பெறப்படுகின்றது. சோழரின் புலிக்கொடியைக் கண்டவர் இன்று எவரும் இலர். செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலியும் இணைக்கயலும் வில்லும் பொறிக்கப்பட்டிருப்பதைக் கொண்டும், இலக்கியக் குறிப்புகளைக் கொண்டுமே அது உய்த்துணரப்படுகின்றது. இங்குக் கொடியும் முத்திரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முத்திரை அருகிருந்து, அசைவற்ற நிலையில், ஒரே பக்கமாகப் பார்க்கப்படுவது. கொடியோ தொலைவிலிருந்து, காற்றில் மடிந்தும் விரிந்தும், இரு பக்கமும் பார்க்கப்படுவது. முத்திரையில் எழுதலாம். கொடியில் எழுதினால் மறுபக்கம் எழுத்துத் தலைமாறும். தன் கொடியில் இறைமொழி எழுதப்பெற்ற சவூதி அரேபியா இதன்பொருட்டே இரு துணிகளை முதுகோடு முதுகாக வைத்துத் தைத்து, எப்பக்கமிருந்தும் நேராகப் படிக்கும்படி அமைத்துக்கொள்கின்றது. கற்றோர் கழகங்கள் பொதுவாக முத்திரை மரபைச் சார்ந்தவை. நூல், விளக்கு, எழுதுகோல், ஓர் இலத்தீன் அல்லது வடமொழித் தொடர் என்பனவே அவற்றின் இலச்சினைகளை நிறைப்பன. அவற்றை அப்படியே துணியில் பதித்துக் கொடியென்று ஏற்றுவதும் உண்டு. கொடியியலார் அவ்வாறு செய்திருந்தால் அவர்தம் அறிவிற்கே இழுக்காகியிருக்கும்.

1967-ஆம் ஆண்டின் கொடி

கூட்டமைப்பின் கொடி நீல நிறத்தது. கம்பத்தின் பக்கமிருந்து பறக்கும் ஓரம் வரை அதன் குறுக்கே இரண்டு மஞ்சள் கயிறுகள் செல்கின்றன. அவை இடையில் இரு கண்ணிகளாக வளைந்து ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. வேறு எதுவும் அதில் இல்லை. எழுத்தில்லை, ஆண்டில்லை, உலகப் படமில்லை. அக்கயிறுகள் வெறும் கயிறுகள் அல்ல. கொடியை ஏற்றவும் இறக்கவும் பயன்படும் கொடிக்கயிறுகள்.

இத்தேர்வின் அருமை, அன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்த பிற வழிகளோடு ஒப்பிடும்போது புலனாகும். நாடுகளைக் கடந்த அமைப்புகளின் கொடிகளுக்கு 1967-க்குள் ஒரு மரபு உருவாகியிருந்தது. 1864-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி வெண்ணிலத்தில் செஞ்சிலுவையை அமைத்தது. ஒலிம்பிக் கொடி வெண்ணிலத்தில் ஐந்து வளையங்களைக் கொண்டு 1920-இல் ஆண்ட்வெர்ப் விளையாட்டுகளில் பறந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1947-இல் நீல நிலத்தில் உலகப் படத்தையும் ஒலிவக் கிளைகளையும் ஏற்றது. ஐரோப்பிய மன்றம் 1955-இல் நீல நிலத்தில் பன்னிரண்டு பொன்னிற விண்மீன்களை ஏற்றது. இவை யாவும் 'யார் சேர்ந்தோம்' என்பதையோ 'எங்கும் பரந்தோம்' என்பதையோ சொல்வன. நீலத்தையும் மஞ்சளையும் ஏற்றமையால் கொடியியலாரின் கொடியும் இம்மரபோடு தொடர்புடையதாகத் தோன்றலாம். அதன் பொருளமைப்போ வேறு. அது சேர்ந்தவர்களைக் காட்டவில்லை. அவர்கள் ஆராயும் பொருளையும் நேராகக் காட்டவில்லை. அப்பொருளைக் கொடியாக்கும் கருவியைக் காட்டுகின்றது.

கொடியைக் காட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஒரு சிறு கொடியை வரைவதாயின் அதற்கு ஒரு நிறம் தர வேண்டும், ஒரு வடிவம் தர வேண்டும். எந்நிறம் தரினும் அது உலகில் எவருடைய கொடியையேனும் நினைவூட்டும். 1960-களின் சூழலில் இது வெறும் நுண்ணயம் பற்றிய தயக்கமன்று. கிழக்கு ஜெர்மனி 1959-இல் தன் கொடியில் சுத்தியலையும் கவராயத்தையும் சேர்த்துக்கொண்டது. அக்கொடியைப் பறக்கவிடுவது மேற்கு ஜெர்மனியில் பல ஆண்டுகள் தடுக்கப்பட்டிருந்தது. இரு ஜெர்மனிகளும் ஒரே அணியாகப் பங்கேற்ற 1960, 1964 ஒலிம்பிக் விளையாட்டுகளில் இருவர் கொடியும் இன்றி, கறுப்பு - சிவப்பு - பொன் நிறத் துணியில் வெண்ணிற ஒலிம்பிக் வளையங்களைப் பொறித்த கொடியே பயன்பட்டது. புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் கொடிகளும் அப்பத்தாண்டில் ஆண்டுதோறும் பெருகின. எக்கொடி எந்நாட்டைக் குறிக்கும் என்பதே வழக்காகிய காலத்தில், பல நாட்டு அறிஞர்களும் ஒருங்கே ஏற்கத்தக்க பொறி கயிறு. எல்லாக் கொடிகளையும் அதுவே ஏற்றுகின்றது. எக்கொடியின் பக்கமும் அது நிற்பதில்லை.

கயிற்று முடிச்சைச் சின்னமாகக் கொள்வது ஐரோப்பியப் பொறியியல் மரபிற்குப் புதியதன்று. இத்தாலியின் சவோய் அரசகுடியும் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் குடும்பமும் தத்தமக்குரிய முடிச்சைச் சின்னமாகக் கொண்டிருந்தன. அம்முடிச்சுகள் ஒரு குடியை மற்றொரு குடியிலிருந்து பிரித்துக் காட்டுவன. கொடியியலாரின் பின்னலோ இரு கயிறுகளால் ஆனது. இருபுறமிருந்தும் வருவன இடையில் ஒன்றையொன்று பற்றுகின்றன. பல நாட்டுக் கழகங்கள் தத்தம் தனித்தன்மை குன்றாது கூடும் ஒரு கூட்டமைப்பிற்கு இதனினும் பொருத்தமான உரு கிடைப்பது கடினம்.

பெயரையும் கொடியையும் அருகருகே வைத்து நோக்கும்போது மற்றொன்று தெரிய வருகின்றது. துறையின் பெயருக்கு மூலமான வெக்சில்லத்திற்குக் கொடிக்கயிறு இல்லை. அது குறுக்குக் கட்டையில் பிணைக்கப்பட்டது. ஏற்றி இறக்கப்படுவதன்று. பெயர் உரோமப் படைவீரனைச் சுட்டக் கொடி கப்பலோட்டியைச் சுட்டுகின்றது. ஏனெனில் கொடிக்கயிறு பாய்மரக் கப்பலின் உறுப்பு. பாயை மேலே இழுக்கும் கயிறே பின்னர்க் கொடியை இழுக்கவும் பயன்பட்டது. ஆயினும் இம்முரண் மேலோட்டமானதே. 'வெக்சில்லம்' என்னும் சொல், பாய் எனவும் திரை எனவும் பொருள்படும் 'வேலம்' என்னும் இலத்தீன் சொல்லின் குறுமை வடிவம். 'சிறு பாய்' என்பது அதன் பொருள். ஆகவே பெயர் பாயிலிருந்தும் சின்னம் பாய்க்கயிற்றிலிருந்தும் வந்தன. சியெர்க்ஸ்மா இதனை எண்ணித்தான் வரைந்தார் என்று கொள்ள வேண்டுவதில்லை. கடலோடும் நாட்டில் பிறந்தவருக்குக் கயிறு இயல்பாகவே தோன்றியிருக்கலாம்.

தமிழ்ச் சொல் காட்டும் உறவு

இவ்விடத்தில் தமிழ் வழக்கு ஒன்று நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் கொடியைக் குறிக்கும் சொல்லும் கொடிக்கயிற்றைக் குறிக்கும் சொல்லும் வெவ்வேறு. அவற்றிற்கிடையே ஒலியுறவோ பொருளுறவோ இல்லை. தமிழிலோ 'கொடி' என்னும் ஒரே சொல் இரண்டின் பரப்பையும் தழுவி நிற்கின்றது. படர்வது கொடி. கம்பத்தில் பறப்பது கொடி. துணி உலர்த்தக் கட்டுவதும் கொடி. தாயையும் சேயையும் பிணைப்பது தொப்புள்கொடி. கழுத்தில் அணிவது தாலிக்கொடி. இடையில் கட்டுவது அரைஞாண்கொடி. நீண்டு, ஒன்றைப் பற்றி, ஒன்றோடு ஒன்றைப் பிணைப்பது என்பதே இவற்றிற்கெல்லாம் பொதுவான கருத்து. கம்பத்தைப் பற்றி நின்று அசைவதாலேயே பறக்கும் துணியும் அப்பெயரைப் பெற்றிருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. நெதர்லாந்து அறிஞர் வரைந்த கொடியைத் தமிழில் விளக்கப் புகின், 'கொடியில் கொடி' என்று இரு சொல்லில் முடித்துவிடலாம். பிற மொழிகளில் உருவகமாக நிற்பது தமிழில் சொல்லின் இயல்பான பொருளாகவே நிற்கின்றது.

கற்றோர் தமக்கெனக் கொடி எடுப்பதும் தமிழிற்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வகைப்படுத்திக் கூறுமிடத்துத் துறைமுகத்தில் நின்ற கலங்களின் கொடியையும், கள் விற்கும் மனைகளின் கொடியையும் குறிப்பதோடு, பல கேள்வித் துறைகளில் தேர்ந்த நல்லாசிரியர் வாதம் கருதி உயர்த்திய கொடியையும் குறிக்கின்றது. கொடிகளை அவை ஏற்றப்படும் இடத்தையும் நோக்கத்தையும் கொண்டு பிரித்துக் காட்டும் இப்பகுதியைக் கொடியியலார் எவரும் தம் துறையின் முன்னோடிக் குறிப்பாக மகிழ்ந்து ஏற்பர். இரண்டு கொடிகளுக்கும் இடையிலான வேறுபாடும் தெளிவானது. புகாரின் ஆசிரியர் எடுத்த கொடி மாற்றாரை வாதிற்கு அழைப்பது. அது அறிவின் கொடியாயினும் சார்பின் கொடியே. தன் கொள்கையை நிறுவவும் பிறர் கொள்கையை மறுக்கவும் எடுக்கப்பட்டது. சூரிச்சில் எடுத்த கொடி அழைப்பு விடுக்கின்றதேயன்றி அறைகூவல் விடுப்பதில்லை.

எழுத்தா, உருவா?

கூட்டமைப்பின் கொடி பிறந்த அதே 1967-இல் பாஸ்டனில் வட அமெரிக்கக் கொடியியல் கழகம் தோன்றியது. அதன் கொடி சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களைக் கொண்டது. துறையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தாகிய 'வி' வெண்ணிறத்தில் அதில் பெரிதாக அமைந்துள்ளது. கயிற்றின் வழி சென்ற சிந்தனைக்கு நேர் எதிரான வழி இது. பொருளைக் காட்டாமல் பெயரைக் காட்டுவது. இருப்பினும் அதனை எழுத்தென்று ஒதுக்கிவிட முடியாது. 'வி' என்னும் உரோம எழுத்து இடவலமாகத் திருப்பினும் உரு மாறாதது. கொடியின் எப்பக்கமிருந்து பார்த்தாலும் அது அதுவே. படிக்கத் தெரியாதவர்க்கு அது ஒரு கோணப் பட்டை. எழுத்தறிந்தவர்க்கே அது எழுத்து.

இக்கொடியை முன்னிறுத்தி ஒரு வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இக்கழகத்தின் வழியாகவே 2006-இல் டெட் கேயின் 'நல்ல கொடி, கெட்ட கொடி' என்னும் சிறு நூல் வெளிவந்தது. எளிமை, பொருளுள்ள குறியீடு, இரண்டு அல்லது மூன்று நிறங்கள், எழுத்தும் முத்திரையும் இன்மை, தனித்தன்மை அல்லது உறவு ஆகிய ஐந்து நெறிகளை அந்நூல் வகுக்கின்றது. அளவால் சிறிய இந்நூல் விளைவால் பெரியது. கூட்டமைப்பின் கயிற்றுக் கொடியை இந்நெறிகளால் அளந்தால், அவை வகுக்கப்படுவதற்கு 39 ஆண்டுகள் முன்னரே வரையப்பட்ட அது ஐந்திலும் தேறும். வட அமெரிக்கக் கழகத்தின் கொடி நான்காம் நெறியில் வாதத்திற்குரியதாகும். பிரேசிலின் கொடியோ வாசகம் தாங்கியமையால் வெளிப்படையாகவே தவறும். சவூதி அரேபியாவின் கொடியும் அவ்வாறே. மக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் கொடிகளை அமைப்பின் அழகு பற்றிய அளவுகோலால் மட்டும் அளப்பது எவ்வளவு பொருந்தும் என்பது சிந்திக்கத்தக்கது. நெறிகளை வகுத்தோர் அவற்றைப் புதிய கொடி வரைவோர்க்கு வழிகாட்டியாகவே கருதினர். ஆனால் வழிகாட்டி தீர்ப்பாக மாறுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

நோக்குவோரும் வரைவோரும்

2001-இல் இக்கழகம் அமெரிக்க, கனடிய மாநிலங்கள், ஆட்சிப் பகுதிகள் ஆகியவற்றின் 72 கொடிகளைத் தரவரிசைப்படுத்தும் கருத்தாய்வு ஒன்றை நடத்தியது. முதலிடம் நியூ மெக்சிகோவிற்குக் கிடைத்தது. அவ்வாண்டில்தான் ஏற்கப்பட்டிருந்த ஜார்ஜியாவின் கொடி கடைசி இடத்தைப் பெற்றது. 2003-இல் அக்கொடி மாற்றப்பட்டது. அம்மாற்றத்திற்குத் தரவரிசையைக் காரணமாகக் கூறுவது மிகை. பழைய கூட்டுப்படைக் கொடியைச் சுற்றி அம்மாநிலத்தில் நடந்த அரசியலே அடிப்படைக் காரணம். ஆனால் 2004-இல் 150 அமெரிக்க நகரக் கொடிகளைத் தரவரிசைப்படுத்தியபோது கடைசி இடம் பெற்ற போகடெல்லோ நகரம் 2017-இல் புதிய கொடியை ஏற்றதற்கும், அந்நகரம் தன் கொடிக்காக எய்திய எள்ளலுக்கும் தொடர்பில்லை என்று கூற முடியாது. யூட்டா, மினசோட்டா மாநிலங்களில் 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய கொடிகள், முத்திரை பதித்த நீலத் துணியை விட்டு எளிய உருவிற்கு மாறியவை. அவற்றைச் சூழ்ந்த பொதுவிவாதங்களில் 2006-ஆம் ஆண்டு நூலின் நெறிகள் எடுத்தாளப்பட்டன. கொடிகளை அறிய எழுந்த கழகம் கொடிகளை ஆக்கும் ஆற்றலாகவும் மாறிவிட்டது.

கூர்ந்து நோக்கின் இம்மாற்றம் புதியதன்று என்பது விளங்கும். துறையின் பெயரை உருவாக்கிய ஸ்மித் தாமே ஒரு நாட்டின் கொடியை வரைந்தவர். பிரிட்டிஷ் கயானா விடுதலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது அவர் அனுப்பிய வரைவு, பிரித்தானியப் பொறியியல் அலுவலகத்தார் பரிந்துரைத்த கறுப்பு, வெள்ளை விளிம்புகளோடு 1966 மே 26 அன்று கயானாவின் கொடியாயிற்று. 'பொன் அம்புமுனை' என்று அது வழங்கப்படுகின்றது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றோரின் வழித்தோன்றல்களும் அக்கொடியின்கீழ் வாழ்கின்றனர்.

இதனினும் நுட்பமான சான்று தென்னாப்பிரிக்காவினுடையது. அந்நாட்டின் அரசுப் பொறியியல் அலுவலராக விளங்கிய ஃபிரெட் பிரவுனெல், 1993-இல் மீண்டும் சூரிச்சிலேயே நடந்த பன்னாட்டுக் கொடியியல் மாநாட்டில் அமர்ந்திருந்தபோதுதான் புதிய கொடியின் கருத்தைத் தாளில் கீறினார். நிறவெறி ஆட்சியிலிருந்து மாறும் நாட்டிற்குப் பொதுமக்களிடமிருந்து வந்த ஆயிரக்கணக்கான வரைவுகளுள் எதுவும் ஏற்கப்படாமல் போயிருந்தது. முதல் பொதுத்தேர்தலோ நெருங்கிக்கொண்டிருந்தது. பிரவுனெலின் வரைவு 1994 மார்ச்சில் ஏற்கப்பட்டு, தேர்தல் தொடங்கிய ஏப்ரல் 27 அன்று கம்பங்களில் ஏறியது. இடைக்காலத்திற்கென ஏற்ற அக்கொடியை மக்கள் விடவில்லை. பின்னர் அரசமைப்பிலும் அது இடம்பெற்றது. கம்பத்தின் பக்கம் இரு கிளைகளாகத் தொடங்கி நடுவில் ஒன்றுகூடி ஒரே பட்டையாகப் பறக்கும் ஓரம் வரை செல்வது அதன் அமைப்பு. அது கருக்கொண்ட மாநாடோ இரு கயிறுகள் பின்னிய கொடியையுடைய அமைப்பினுடையது. இவ்விரண்டிற்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டென்று சாதிப்பதற்குச் சான்றில்லை. சேர்க்கையை எழுத்தின்றிக் கோடுகளின் கூட்டத்தால் மட்டும் சொல்லும் முறை இரண்டிற்கும் பொது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

கயிறாக இருப்பதாகத் தன் கொடியில் கூறிக்கொண்ட துறை, கயிற்றை இழுக்கும் கையாகவும் இருந்து வந்துள்ளது. இதனைக் குற்றமாகக் கொள்வாரும் உண்டு, பயனாகக் கொள்வாரும் உண்டு. இலக்கண ஆசிரியன் செய்யுள் இயற்றலாகாது என்று எவரும் விதிப்பதில்லை. ஆனால் தான் இயற்றிய செய்யுளை எடுத்துக்காட்டாக்கித் தன் இலக்கணத்தை நிறுவும்போது கேட்போர் விழிப்பாக இருக்க வேண்டியதாகின்றது. கொடியியலின் நிலையும் அதுவே. தென்னாப்பிரிக்காவின் கொடியை ஆறு நிறங்கள் கொண்டமையால் 'நிறங்கள் இரண்டு அல்லது மூன்று' என்னும் நெறிப்படி குறைசொல்ல இயலும். கொடியியல் மாநாட்டிலேயே கருக்கொண்ட கொடி கொடியியலின் நெறியொன்றை மீறி வெற்றி பெற்றிருப்பது அந்நெறிகளின் எல்லையைக் காட்டுகின்றது.

ஆறு கட்டங்கள்

கூட்டமைப்பிற்குக் கொடி ஒன்றாயினும், இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கூடுவதாக அமைந்த அதன் மாநாடுகளுக்குத் தனித்தனிக் கொடிகள் உண்டு. மாநாட்டை நடத்தும் கழகம் தன் நாட்டின் அல்லது நகரின் சாயலில் அவற்றை வகுக்கின்றது. இக்கொடிகளில் உள்ளூர்ப் பெருமிதம் தாராளமாகவே வெளிப்படும். பொதுக்கொடியில் அடக்கியது இங்கு வெளிவருகின்றது போலும்.

சார்பின்மையைக் கொடியினும் முழுமையாகக் காத்த மற்றொரு குறியீடு இத்துறையில் உண்டு. அதுவும் ஸ்மித் வகுத்ததே. மூன்று நெடுவரிசையும் இரண்டு கிடைவரிசையும் கொண்ட ஆறு சிறு கட்டங்கள். மேல்வரிசை நிலத்தையும் கீழ்வரிசை கடலையும் குறிக்கும். நெடுவரிசைகள் முறையே குடிமக்கள், அரசு, படை ஆகிய மூவர் பயன்பாட்டைக் குறிக்கும். ஒரு கொடி எங்கெங்கு யாரால் ஏற்றப்படுகின்றதோ அக்கட்டத்தில் ஒரு புள்ளி இடப்படும். நூல்களில் கொடிப்படங்களின் அருகே காணப்படும் இச்சிறு பொறி கம்பத்தில் ஏறுவதில்லை. எவரும் அதற்கு வணக்கம் செய்வதுமில்லை. கொடி எதைக் குறிக்கின்றது என்பதையோ அது நல்லதா கெட்டதா என்பதையோ அது சொல்லாது. யார், எங்கே ஏற்றலாம் என்பதை மட்டும் சொல்லும். கொடிகளை இடத்தாலும் ஏற்றுவோராலும் பிரித்துரைத்த பட்டினப்பாலைப் புலவரின் முறையும் ஏறத்தாழ இதுவே.

ஸ்மித் வரைந்த கயானாவின் கொடியும் இக்கட்டங்களுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அக்கொடி நிலத்தில் பறக்கும்போது அதன் அகல நீள விகிதம் 3:5. கடலில் பறக்கும்போது 1:2. ஆகவே ஒரே கொடிக்கு மேல்வரிசைப் புள்ளிகளோடு ஒரு படமும் கீழ்வரிசைப் புள்ளிகளோடு நீண்ட மற்றொரு படமும் தேவைப்படுகின்றன.